ராகு காலத்து வளைகாப்பு

மேல் வீட்டுத் திவ்யா ஒரு பை நிறைய அவரைக்காயுடன் வாசலில் வந்து நின்றாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். கம்ப்யூட்டர் வேலை. மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். போய்த் திரும்புவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது என்பதால் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். "ஆன்ட்டி, இதை அப்படியே நறுக்கிடலாமா, இல்ல ஏதாவது பண்ணணுமா?" என்று கேட்டாள். நார் எடுக்காத அவரைக்காய்ப் பொரியலை மென்று விழுங்க முடியாமல் ஒரு கணவன் மாடியில் தவித்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, முறத்தை எடுத்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தரையில் உட்காரக் கூடாது என்று முட்டி டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன எதைத்தான் நான் கேட்டிருக்கிறேன்?

நுனியைக் கிள்ளி நாரை இழுத்ததும் அந்தப் பச்சை வாசனை குப்பென்று வந்தது. திவ்யாவும் ஒரு காயை எடுத்து இழுத்துப் பார்த்தாள். நார் பாதியில் அறுந்தது. சிரித்துக்கொண்டே, பேச்சுக்குப் பேச்சாக, "உங்களுக்கு ஒரே பையன்தானே ஆன்ட்டி?" என்றாள்.

நல்ல வேளை, குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அணைத்தேன். அணைத்த பிறகும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கை முழுக்க அவரைக்காய் வாசனை.

அவரைக்காய் வாசனை வந்தால் பிறருக்குச் சமையலறை ஞாபகம் வருமோ என்னவோ, எனக்கு ரயில்தான் வரும். தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் மின்சார ரயில், அதில் பெண்கள் பெட்டி. எண்பதுகளின் கடைசியில் நான் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலம் பீச்சில் ஏறினால் எழும்பூர் வருவதற்குள் எல்லார் மடியிலும் செய்தித்தாள் விரிந்துவிடும். ஒருத்தி வெண்டைக்காய் நறுக்குவாள், ஒருத்தி கீரை ஆய்வாள், நாங்கள் அவரைக்காய் உரிப்போம். வீட்டுக்குப் போய்த் தாளித்துக் கொட்டினால் போதும். அந்தக் காலத்தில் தாம்பரத்து ஆண்கள் சாப்பிட்ட ராத்திரிக் கறியெல்லாம் ஓடுகிற வண்டியில் நறுக்கியதுதான். அது அவர்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது.

காலையில் வேறு வாசனை. அது மல்லிகை. தாம்பரத்திலேயே பூக்காரி ஏறிவிடுவாள். ஆளுக்கு ஒரு முழம் வாங்கி, ஒருத்தி தலையில் ஒருத்தி வைத்துவிடுவோம். எங்கள் செட்டில் மூத்தவர் மங்கையக்கா. டெலிபோன் ஆபீசில் வேலை. குரலைக் கேட்டாலே லைன் கிடைத்துவிடும். பானு பேங்க்கில் இருந்தாள். ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர், பல்லாவரத்தில் ஏறுவாள். அவளுக்காக நான் பெஞ்சில் கர்சீப் போட்டு வைத்திருப்பேன். கர்சீப் போட்ட இடத்தில் எவளாவது உட்கார்ந்துவிட்டால் நான் போடும் சண்டை அந்த வண்டியில் பிரசித்தம். ஒயர் கூடை பின்னவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் பின்னிய கூடையைத் தரையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும்.

எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் மங்கையக்கா வண்டியிலேயே வளைகாப்பு என்று அறிவித்துவிட்டார். யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு சாதம் செஞ்சு வெச்சுக்கோங்க. திங்கக்கிழமை காலைல நம்ம எட்டு மணி வண்டில வெச்சுக்கலாம்." திங்கட்கிழமை என்றதும் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சமைக்க நேரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

வண்டி சானடோரியம் தாண்டியதும் சந்தனம் பூசினார்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். எங்கள் செட் போட்டு முடித்ததும், பெயர் தெரியாத பெண்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து ஆளுக்கொன்று மாட்டிவிட்டார்கள். பல்லாவரத்தில் ஏறிய ஸ்டெல்லா வளையலைப் போட்டுவிட்டு நெற்றியில் சிலுவையும் வரைந்தாள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் பெட்டி முழுக்கப் போயிற்று. முழங்கை வரை வளையலோடு அன்று நான் டைப் அடித்த சத்தத்தில் மேனேஜர் எழுந்து வந்து, "என்னம்மா, கரகாட்டமா?" என்று கேட்டார். இப்போது நினைத்தாலும் அந்த நாள் எனக்குச் சந்தோஷமான நாள்தான். அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் மாதக் கடைசியில் ஒரு நாள் குழந்தை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிறந்தது பெண். உயிர் இல்லை.

என்னிடம் காட்டவில்லை. "பாக்க வேணாம்டி. மொகத்தப் பாத்துட்டா மறக்கவே முடியாது" என்றாள் என் அம்மா. நல்லதுக்குத்தான் சொன்னாள், பாவம். பார்க்காத முகத்தை மட்டும் மறந்துவிட முடிந்ததா? தெருவில் போகிற ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

நம் வழக்கத்தில் இப்படிப் போகிற குழந்தைக்கு ஒன்றும் கிடையாது. எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். காரியம் இல்லை, பதினாறாம் நாள் இல்லை, படம் மாட்டுவதில்லை, பெயர்கூட இல்லை. துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். வருகிறவர்களும் "சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் உடம்புக்கு இதெல்லாம் தெரியுமா? எனக்குப் பால் சுரந்துவிட்டது. மார்பு கல்லாகக் கனத்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். அம்மா பந்து பந்தாக வாங்கிவந்து கட்டினாள். காய்ந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ, அது காய்ந்ததும் வேறு பூ. அந்தப் பூவும் பாலும் கலந்த வாசனையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

என் கணவர் வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவார். அதிகம் பேசாதவர். அவருடைய இரண்டு கைகளிலும் கீறல் கீறலாக இருந்தது. "என்னங்க இது?" என்றேன். "வேலி சாஞ்சிருந்தது, சரி பண்ணேன்" என்றார். எங்கள் வாடகை வீட்டுக்கு ஏது வேலி என்று கேட்கிற தெம்பு எனக்கு அப்போது இல்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், மங்கையக்கா எனக்காகப் பூ வாங்கி வைத்திருந்தார். பின்னால் வந்து நின்று, எப்போதும் போல என் தலையில் வைத்தார். பூவும் பாலும் கலந்த அந்தப் படுக்கை வாசனை அப்படியே திரும்ப வந்தது. பூவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். குரோம்பேட்டையில் இறங்கிவிட்டேன். அடுத்த வண்டியில் பொதுப் பெட்டியில் ஏறினேன். அதன் பிறகு பெண்கள் பெட்டிப் பக்கமே போகவில்லை. பீடி வாசனையும் வேர்வையும் எவ்வளவோ தேவலை என்று இருந்தது.

துக்கம் என்றால் அழுகை என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கோபம். பால் திரிந்தால் கோபம், பஸ் வராவிட்டால் கோபம், அவர் சட்டையை மாட்டுகிற ஆணியின் மேல்கூடக் கோபம். ஒரு நாள் குழாயடியில் குடம் இடித்ததென்று ஒரு அம்மாளோடு போட்ட சண்டையில் நாங்கள் குடியிருந்த சேலையூரே வேடிக்கை பார்த்தது. பார்ப்பவர்களுக்கு நான் வாயாடி. எது எரிகிறது என்று எனக்கே தெரியவில்லை. அழக்கூடிய இடத்தை எல்லாரும் சேர்ந்து அடைத்துவிட்டதால் அது கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வெளியே வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

ஒரு நாள் தாம்பரம் பிளாட்பாரத்தில் எதிரே மங்கையக்கா வந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேப்பர் கடையில் எதையோ பார்ப்பது போல் நின்றுவிட்டார். சரிதான், பிள்ளை தங்காதவள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு எனக்கு ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது. கோபப்பட இன்னொரு ஆள் கிடைத்தாயிற்றே.

ஐப்பசியில் நல்ல மழை நாள். பொதுப் பெட்டியில் உட்கார இடம் கிடைத்து, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் மங்கையக்கா ஏறினார். பெண்கள் பெட்டியிலிருந்து இறங்கி, மழையில் ஓடிவந்து ஏறியிருக்கிறார். பாதி நனைந்து, மூச்சு வாங்க, என் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ எங்க மேல கோவமா இருக்கேன்னு தெரியும்டி. இருக்க வேண்டியதுதான்."

"எனக்கென்ன கோபம்? நீங்கதானே மூஞ்சியத் திருப்பிட்டுப் போனீங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னப் பாக்கறது?" என்றார் மங்கையக்கா. "திங்கக்கிழமை ஏழரை டு ஒம்போது ராகு காலம்டி. வளையல் போட்ட அன்னிக்கு சாயங்காலம் எங்க மாமியார்தான் சொன்னாங்க. எட்டு மணி வண்டில வெச்சோமே, அறிவிருக்கா எனக்கு? பானுவும் ஸ்டெல்லாவும் நானும் தெனம் இதையேதான் பேசி அழறோம். நாங்கதான்டி உன் கொழந்தைய..."

நான், என்னை நம்புங்கள், சிரித்துவிட்டேன். ஸ்டெல்லா கிறிஸ்தவப் பெண், அவளும் உட்கார்ந்து ராகு காலத்துக்கு அழுகிறாளாம். நான் ராசியில்லாதவள் என்று ஒதுக்கினார்கள் என்று நானும், தங்கள் வளையலால் வந்தது என்று அவர்களும், ஒரே வண்டியில் வேறு வேறு பெட்டியில் உட்கார்ந்து இத்தனை மாதம் போய் வந்திருக்கிறோம். "அக்கா, அந்த வண்டில தெனம் ராகு காலத்துல ஆயிரம் பேர் போறாங்க" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு எங்கேயோ வழி தவறிப் போய்விட்டது. வண்டி சைதாப்பேட்டைக்கு முன்னால் அடையாற்றுப் பாலத்தில் ஏறித் தடதடவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தில் நான் வாய்விட்டு அழுதேன். பாலம் முடிந்த பிறகும் அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து மங்கையக்காவுக்கு இடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். மற்ற ஆண்கள் எல்லாம் மும்முரமாக மழையைப் பார்த்தார்கள். நல்ல மனிதர்கள்.

மங்கையக்கா என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "கொழந்த யாரு ஜாடைடி?" என்று கேட்டார்.

அதுவரை ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. குழந்தை பிறந்த எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே? ஒரு நொடி, நானும் மற்றவர்களைப் போலப் பிள்ளை பெற்றவள் ஆனேன்.

"தெரியாதுக்கா. காட்டல."

"உங்க வீட்டுக்காரர் பாத்திருப்பாரே?"

"கேட்டதில்ல."

"கேளுடி. பாவம், அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. கொல்லையில் அவர் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏங்க, பாப்பா யாரு மாதிரி இருந்தா?" என்றேன். பாப்பா என்று அன்றுதான் முதல் தடவை சொன்னேன். அவர் நிமிரவில்லை. பம்பை அடித்துக்கொண்டே இருந்தார். குடம் நிறைந்து வழிந்தது, நிறுத்தவில்லை.

"காது என்னுது" என்றார். "மூக்கு உன்னுது. அப்படியே உன்னுது. தலை நெறைய முடி. கண்ணத் தொறக்காததால கோவம் யாருதுன்னு தெரியல."

பிறகுதான் கீறல்களைப் பற்றிச் சொன்னார். ஏரிக்கரையில் குழந்தைகளைப் புதைக்கிற மூலையில், வீட்டு ஓனர் முனுசாமியும் அவருமாகப் போய்க் குழி வெட்டியிருக்கிறார்கள். இரவில் நாய் தோண்டிவிடக் கூடாதே என்று கருவேல முள்ளை வெட்டி, வெறும் கையால் இழுத்துவந்து மேலே பரப்பியிருக்கிறார். போதும் வா சார் என்று முனுசாமி கூப்பிட்டாராம். இவர் கேட்கவில்லை, இன்னும் இன்னும் என்று வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாராம். அதைச் சொல்லும்போதுதான் பம்பை விட்டுவிட்டு அழுதார். அந்தக் கைகளுக்கு நான் ஒரு மருந்துகூடப் போடவில்லை. அன்றைக்குப் போட ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் ஆறித் தழும்பாகிவிட்டது. அதைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனார். எதை எடுத்துப் போவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. இதற்கென்று ஒரு முறை இருந்தால்தானே? கடைசியில் நான் ஒரு சொம்பில் பால் எடுத்துக்கொண்டேன். வாசலில் முனுசாமி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏரிக்கரைக்கா? போய்ட்டு வா தாயி. இத்தினி நாளா நீ கேக்கவேல்லியேன்னு நெனச்சிகினே இருந்தேன். பாத்து போ, முள்ளு கீது" என்றார்.

முள் காய்ந்து மண்ணோடு மண்ணாகி, சின்னதாக ஒரு மேடு மட்டும் இருந்தது. பாலை ஊற்றினேன். பூ கட்டி வற்ற வைத்த பால் ஞாபகம் வந்தது. ஒரு வாய்கூட அவளுக்குக் கொடுக்கவில்லையே என்று சொல்லி அழுதேன். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். யாரும் எங்களைப் போதும் வா என்று கூப்பிடவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அழுதால் துக்கம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் அழுது பார்க்காதவர்கள். அது போகவில்லை, ஆனால் ஓரிடத்தில் உட்கார்ந்தது. அதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது, ஒரு இடம் கிடைத்துவிட்டது. நினைத்தபோது போகலாம், வரலாம். குழாயடியில் சண்டை குறைந்தது. சுத்தமாக நின்றுவிட்டது என்று சொன்னால் சேலையூரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெண்கள் பெட்டிக்குத் திரும்பினேன். எனக்காக மூன்று பேரும் மல்லிகையை நிறுத்திவிட்டுக் கனகாம்பரம் வைத்துக்கொண்டார்கள். பூக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாக்கா, அல்லாரும் சொல்லி வெச்சிகினு கனகாம்பரமே கேக்கறீங்கோ?" என்று தினமும் குறைபட்டுக்கொண்டாள். மறு சித்திரையில் நானே ஒரு நாள் மல்லிகை கேட்டு வாங்கினேன். மங்கையக்கா வைத்துவிட்டார். அந்தப் பழைய வாசனை வந்தது, ஆனால் குரோம்பேட்டையில் இறங்கவில்லை. மாம்பலம் வருவதற்குள் சரியாயிற்று.

சில வருஷம் கழித்துப் பையன் வயிற்றில் இருந்தபோது மறுபடி வண்டியிலேயே வளைகாப்பு. இந்தத் தடவை மங்கையக்கா ஒயர் கூடையில் பஞ்சாங்கத்தோடு வந்தார். ஒவ்வொரு நாளாகத் தள்ளி, வெள்ளிக்கிழமை எட்டு மணி என்று நிறுத்தினார். "ராகு இல்ல, எமகண்டம் இல்ல, குளிகைதான். குளிகைல செஞ்சா திரும்பத் திரும்ப நடக்கும்டி, நல்லதுதான்." வருஷா வருஷம் வளைகாப்பா என்று நான் அலறியதில் பெட்டியே சிரித்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சாங்கம் பொய்த்ததற்கு இதுவரை மங்கையக்கா பதில் சொல்லவில்லை.

அந்த மீட்டர் கேஜ் வண்டி இப்போது இல்லை. பெட்டியில் யாரும் காய் நறுக்குவதில்லை, நறுக்கியே பாக்கெட்டில் வருகிறது. கர்சீப் போட்டால் எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். மங்கையக்கா பிள்ளையோடு அமெரிக்காவில் இருக்கிறார், அங்கே அவரைக்காய் கிடைப்பதில்லையாம். ஏரிக்கரையில் அந்த மூலை எங்கே இருந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. முதலில் சுவர் வந்தது, பிறகு ரோடு வந்தது, பிறகு இரண்டு பக்கமும் மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது என் கணவர் மட்டும் ஓரிடத்தில் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அவர் பார்க்கிற இடத்தை நானும் பார்ப்பேன். போன ஆடியில் அவரும் போய்விட்டார். அவருக்கு எல்லாம் நடந்தது. ஊரே வந்தது, பதினாறு நாளும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தார்கள், படம் மாட்டியாயிற்று, தினம் பூ வைக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தவர், அந்த இடத்தை அறிந்தவர், எனக்கிருந்தது அவர் ஒருவர்தான்.

அடுப்பு மேடையை விட்டு வந்து திவ்யாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். இதற்குள் ஒரு நாரை முழுசாக இழுத்துவிட்ட பெருமையில் இருந்தாள்.

"ஒரே பையன் இல்லம்மா" என்றேன். "ரெண்டு. பெரியவ பொண்ணு."

"அப்படியா? நான் பாத்ததே இல்லையே ஆன்ட்டி! எங்க இருக்காங்க?"

"இங்கதான். ஏரிக்கரைல."

திவ்யாவின் முகம் மலர்ந்தது. "அட, பக்கத்துலயேவா! எந்த அப்பார்ட்மென்ட்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் இந்த ஊருக்கு வந்தபோது அங்கே அப்பார்ட்மென்ட் தவிர வேறெதுவும் இல்லை. நான் கையிலிருந்த காயை முறத்தில் வைத்தேன்.

"உக்காரும்மா, சொல்றேன்" என்றேன். "காது அவங்க அப்பாவுது. மூக்கு என்னுதாம்."